கல்லில் உரித்த நார்

ஆகாத செயலைக் குறிக்கத் தமிழர் ஒரு வழக்கு வைத்திருக்கின்றனர். 'கல்லில் நார் உரிப்பது' என்பது அது. ஈயாத கருமியிடம் பொருள் கேட்டு நிற்பவனையும், இரங்காத நெஞ்சை இரங்க வைக்க முயல்பவனையும் பார்த்து ஊரார் இவ்வாறு சொல்லிச் சிரிப்பர். வாழை மட்டையில் நார் உண்டு. தென்னை மட்டையில் நார் உண்டு. கல்லில் ஏது நார்? தலைமுறை தலைமுறையாகக் கண்ட அனுபவத்தின் உறுதி அந்தச் சொல்லில் இருக்கிறது. ஆயினும், இயற்கை மனிதனின் பழமொழிக்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை. மலையின் வயிற்றில் அது ஒரு விந்தையை ஒளித்து வைத்திருந்தது. வெட்டி எடுத்தால் கல், நிமிண்டிப் பார்த்தால் நார், முறுக்கினால் நூல், நெய்தால் துணி. அந்தத் துணியைத் தீயில் இட்டால் தீ தோற்றுத் திரும்பும். அதற்குத் தமிழில் கல்நார் என்ற பெயர் பொருத்தமாகவே அமைந்தது. ஆஸ்பெஸ்டாஸ் என்று சொன்னால், வெயிலிலும் மழையிலும் நிறம் மங்கிய சாம்பல் நிறக் கூரைத் தகடு எல்லாருக்கும் நினைவுக்கு வரும்.

ஆஸ்பெஸ்டாஸ் என்பது கிரேக்க மொழிச் சொல். 'அணையாதது' என்பது அதன் பொருள். எரியாத பொருளுக்கு அணையாதது என்ற பெயர் எப்படி வாய்த்ததோ, அது தனிக்கதை. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி, அழுக்கேறிய கைத்துணியைத் தீயில் இட்டுத் தூய்மை செய்யும் வியப்பை எழுதி வைத்தார். தீயில் வாழும் ஓர் உயிரினத்தின் மயிரே அந்தத் துணி என்று ஐரோப்பாவில் பலர் நெடுங்காலம் நம்பினர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கீழ்த்திசை நாடுகளில் பயணம் செய்த மார்க்கோ போலோ, அது மயிரன்று, மலையில் வெட்டி எடுக்கும் பொருள் என்று விளக்கினார். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கல்நார் அரசர்க்கும் செல்வர்க்கும் வேடிக்கைப் பொருளாகவே இருந்து வந்தது. வேடிக்கைப் பொருளாக இருந்தவரை அதனால் விளைந்த தீமையும் சிறிதாகவே இருந்தது.

நீராவியின் காலம் வந்தது. கல்நாரின் காலமும் உடன் வந்தது. ஆலைகளிலும் கப்பல்களிலும் கொதிகலன்கள் கொதித்தன. குழாய்களில் நீராவி சீறிப் பாய்ந்தது. வெப்பத்தைக் கட்டிக் காக்கவும், நெருப்பைத் தடுக்கவும் ஒரு போர்வை தேவைப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கனடாவின் கியூபெக் மாநிலத்திலும், பின்னர் ரஷ்யாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் சுரங்கங்கள் பெருகின. கியூபெக்கில் ஒரு நகரம் ஆஸ்பெஸ்டாஸ் என்றே பெயர் சூட்டிக்கொண்டு பெருமைப்பட்டது. சிமெண்டோடு கலந்தால் கூரைத் தகடு, குழாய். இரப்பரோடும் பிசினோடும் சேர்த்தால் வண்டியின் தடைக்கட்டை. நெய்தால் நாடக மேடையின் தீத்தடுப்புத் திரை. விலையோ மலிவு. உழைப்போ நீண்ட காலம். மாயப் பொருள் என்று உலகம் அதைக் கொண்டாடியதில் வியப்பில்லை.

ஒன்றைப் பழிப்பதற்கு முன் அது செய்த நன்மையையும் சொல்லிவிடுவதே நடுவுநிலை. எத்தனையோ கப்பல்களில் பரவ இருந்த தீயைக் கல்நார் தடுத்தது. ஓலைக் குடிசையில் மழைக்கு ஒதுங்கி வாழ்ந்த ஏழைக்கு ஒழுகாத கூரை ஒன்றைக் கொடுத்தது. கொதிக்கும் குழாய் அருகே நின்று பணியாற்றிய தொழிலாளியின் கையைச் சுட்டுவிடாமல் காத்தது. தீயின் வாயிலிருந்து மனிதனை மீட்ட பொருள் அது. அதுவே அவன் மூச்சின் வழியாக உள்ளே புகுந்து, முப்பது ஆண்டு கழித்து அவன் உயிரைக் கேட்கும் என்று அவன் எவ்வாறு எண்ணியிருப்பான்?

கல்நாரின் சிறப்பு எதுவோ அதுவே அதன் கொடுமையும் ஆயிற்று. மற்றக் கற்களை உடைத்தால் துண்டுகளாகவும் மணலாகவும் சிதறும். கல்நாரை உடைத்தால் நீளவாட்டில் பிளவுபட்டுக்கொண்டே போகும். ஒரு நார் பத்தாகும், பத்து நூறாகும், கடைசியில் தலைமயிரைவிடப் பன்மடங்கு மெலிந்து, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகக் காற்றில் மிதக்கும். அதற்கு மணமில்லை. கண்ணில் எரிச்சல் இல்லை. உள்ளே போகும் வேளையில் தும்மலோ இருமலோ எச்சரிப்பதும் இல்லை. மூச்சுக்குழாயின் காவலைக் கடந்து நுரையீரலின் ஆழத்தில் சென்று தங்கிவிடும். அந்நியப் பொருளை விழுங்கி அழிப்பதற்கென்று உடம்பில் காவல் அணுக்கள் உண்டு. அவை இந்த நாரையும் விழுங்க முயலும். தம்மினும் நீண்ட ஊசியை விழுங்க முடியாமல் தாமே மடியும். தீயாலும் அமிலத்தாலும் எளிதில் அழியாத ஒரு பொருளை உடம்பு எங்ஙனம் கரைக்கும்? முயற்சி தோற்கும் இடமெல்லாம் புண்ணாகும், புண் தழும்பாகும்.

அந்தத் தழும்பிலிருந்து பிறக்கும் நோய்களுள் மூன்று முதன்மையானவை. நுரையீரல் மெல்ல மெல்லத் தடித்து இறுகி, மூச்சு வாங்க முடியாமல் போவது ஆஸ்பெஸ்டோசிஸ். மற்றொன்று நுரையீரற் புற்றுநோய். மூன்றாவது மீசோதெலியோமா, நுரையீரலையும் வயிற்றையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் தோன்றும் புற்றுநோய் அது. மற்ற மக்களிடம் மிக அரிதாகவே காணப்படும் அந்நோய், கல்நாரோடு பழகியவர்களைத் தேடிப் பிடிக்கிறது. கண்டறிந்தபின் நெடுநாள் வாழ்ந்தவர் மிகச் சிலரே. குரல்வளையிலும் பெண்களின் கருவகத்திலும் தோன்றும் புற்றுநோய்க்கும் கல்நார் காரணமாகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவை முடிவு கூறியிருக்கிறது. வெள்ளை, நீலம், பழுப்பு என்று கல்நாரில் வகைகள் உண்டு. அவற்றுள் எந்த வகையும் தீங்கற்றது அன்று.

இவையெல்லாம் உடனே வருபவை அல்ல என்பதுதான் பெருங்கொடுமை. பாம்பு கடித்தால் கடித்த பாம்பை அடையாளம் காட்டலாம். நஞ்சு உண்டவன் உண்ட கலத்தைக் காட்டலாம். கல்நாரின் நஞ்சு இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் வரை பேசாமல் கிடக்கும். இளமையில் மூச்சில் ஏறியது முதுமையில் வந்து கதவைத் தட்டும். அதற்குள் ஆலை மூடியிருக்கும், மேலாளர் மாறியிருப்பார், உடன் உழைத்தவர் சிதறியிருப்பர். 'ஐயா, நீங்கள் எங்கே வேலை செய்தீர்கள்?' என்று மருத்துவர் கேட்கும்போது, கடைசியாகப் பார்த்த காவற்காரர் வேலையை மட்டும் சொல்லும் கிழவருக்கு, முப்பது ஆண்டுக்கு முன் கப்பலின் அடித்தட்டில் கழித்த இரண்டு ஆண்டுகள் நினைவுக்கு வருவதில்லை. குற்றத்துக்கும் தண்டனைக்கும் இடையே ஒரு வாழ்நாளே கிடப்பதால், குற்றவாளி யார் என்ற கேள்வி கேட்க ஆளில்லாமல் போய்விடுகிறது.

அறியாமையால் நேர்ந்த தீங்கு இது என்று சொல்லி ஆறுதல் அடையலாமா? வரலாறு அதற்கு இடம் தரவில்லை.

1898ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்த லூசி டீன் என்னும் பெண்மணி, கல்நார்த் தூசியின் தீமையை அரசுக்கு எழுதினார். அந்தத் தூசியை நுண்ணோக்கியில் பார்த்தபோது கண்ணாடிச் சில்லுகளைப் போன்ற கூர்மை தெரிந்தது என்று அந்த அறிக்கை கூறிற்று. அதற்கு அடுத்த ஆண்டு, இலண்டன் மருத்துவர் மாண்டேகு மரே என்பவரிடம் மூச்சுத் திணறலோடு ஒரு தொழிலாளி வந்தார். கல்நாரைச் சிக்கெடுக்கும் அறையில் தம்மோடு வேலை செய்த பத்துப் பேரில் உயிரோடு இருப்பவர் தாம் ஒருவரே என்று அவர் சொன்னார். வயது 33. அவரும் 1900இல் இறந்தார். மரே இதனை 1906இல் அரசுக் குழுவின் முன் எடுத்துரைத்தார். குழு கேட்டுக்கொண்டது, ஆலைகள் ஓடிக்கொண்டே இருந்தன.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெல்லி கெர்ஷா என்னும் பெண் கல்நார் நூற்கும் ஆலையில் உழைத்தார். 1922இல் அவர் உடல் தளர்ந்தது. கல்நார் நஞ்சே காரணம் என்று உள்ளூர் மருத்துவர் சான்றளித்தார். அந்தச் சான்றே அவருக்கு வினையாகியது. தொழிலால் வந்த நோய் என்பதனால் பொதுக் காப்புறுதியில் உதவித்தொகை இல்லை என்றனர். சட்டத்தின் பட்டியலில் அப்படி ஒரு தொழில்நோயே இல்லை என்று கூறி நிறுவனமும் கைவிரித்தது. இரு கதவுகளுக்கும் நடுவே நின்று, தமக்கு என்ன வழி என்று கடிதம் எழுதிக் கேட்டார் அந்தப் பெண். வழி பிறக்கவில்லை. 1924ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், 33 வயதில் அவர் மறைந்தார். கல்லறைக்கு ஒரு பெயர்க்கல்லும் இல்லை. அவருடைய நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் குக், அதில் கல்நாரின் துகள்களைக் கண்டு அவ்வாண்டே மருத்துவ இதழில் வெளியிட்டார். வாழ்நாளில் அவர் சொல்லை ஏற்காத உலகம், இறந்தபின் அவர் நுரையீரலின் சான்றை ஏற்றது.

அதன்பின் பிரிட்டன் அரசு மெரிவெதர் என்னும் மருத்துவ ஆய்வாளரிடம் இப்பணியை ஒப்படைத்தது. அவர் 363 தொழிலாளரைச் சோதித்தார். நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர் நுரையீரலில் தழும்பு கண்டார். 1930இல் அவர் அறிக்கை வெளிவந்தது. மறு ஆண்டு, ஆலைகளில் தூசியைக் கட்டுப்படுத்தும் விதிகள் பிறந்தன. ஆனால், அவ்விதிகள் ஆலைக்குள் சில பிரிவுகளுக்கே பொருந்தின. கப்பலில் குழாய்க்குப் போர்வை சுற்றியவரும், கட்டட வேலையில் தகடு அறுத்தவரும் அந்தக் குடைக்கு வெளியே நனைந்துகொண்டிருந்தனர்.

1955இல் ரிச்சர்டு டால் என்னும் அறிஞர், கல்நார் ஆலையில் இருபது ஆண்டுக்கு மேல் உழைத்தவர்க்கு நுரையீரற் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிடப் பத்து மடங்கு என்று கணக்கிட்டுக் காட்டினார். 1960இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாக்னரும் அவர் நண்பர்களும் மீசோதெலியோமாவுக்கு ஆளான 33 பேரின் வரலாற்றை வெளியிட்டனர். அவருள் ஒருவர் நீங்கலாக எல்லாரும் நீலக் கல்நாரோடு தொடர்புடையவர். எல்லாரும் சுரங்கத் தொழிலாளரா? இல்லை. சுரங்கத்தின் அருகே குடியிருந்தவர்களும், கழிவு மேடுகளில் சிறுவயதில் விளையாடியவர்களும் அவர்களுள் இருந்தனர். நியூயார்க் வட்டாரத்தில் குழாய்களுக்கு வெப்பப் போர்வை கட்டிய 632 தொழிலாளரை மருத்துவர் எர்விங் செலிக்காஃப் ஆராய்ந்து 1964இல் முடிவை வெளியிட்டார். அத்தனை பேரில் ஆறேழு பேர் நுரையீரலிலும் அதன் உறையிலும் தோன்றும் புற்றுநோயால் இறந்திருந்தால் அது இயல்பு. இறந்தவரோ 45 பேர்.

1965இல் இலண்டனில் வெளிவந்த ஓர் ஆய்வு நெஞ்சை இன்னும் உலுக்குவது. ஒரு மருத்துவமனையில் மீசோதெலியோமா என்று பதிவாகியிருந்த 76 பேரின் வாழ்க்கையை நியூஹவுசும் தாம்சனும் துருவிப் பார்த்தனர். அவர்களுள் 9 பேர் கல்நார் வேலையையே செய்யாதவர். அவ்வேலை செய்தவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர். கணவன் உடுத்தி வந்த வேலை உடையை உதறித் துவைத்த மனைவியர் அவர்களுள் இருந்தனர். ஆலைக்குள் அடியெடுத்து வைக்காத பெண்ணைத் தேடி ஆலையே அவள் வீட்டுக்கு வந்தது. அதுவும் அவள் அன்போடு செய்த பணியின் வழியாக வந்தது. கூலிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஆதலால், இழப்பீட்டுப் பட்டியலிலும் அவளுக்கு எளிதில் இடம் கிடைக்கவில்லை.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் செய்தி தொலைநாட்டுச் செய்தி அன்று. செம்பவாங்கில் பிரிட்டிஷாரின் கடற்படைத் தளம் இருந்தது. அதன் பெருங்கப்பல்துறை 1938இல் திறக்கப்பட்டது. 1968இல் அந்தப் பட்டறை சிங்கப்பூரின் கைக்கு வந்து, கப்பல் பழுதுபார்க்கும் தொழில் அங்கே வளர்ந்தது. மலையாளிகளும் தமிழரும் அங்கே குடும்பத்தோடு குடியிருந்து உழைத்தனர். அந்தக் காலத்துக் கப்பல்களில் கொதிகலன் அறை என்றால் கல்நார் அறை என்றே பொருள். அங்கே உழைத்த ஒருவரின் நாளை எண்ணிப் பார்க்கலாம். பழுது பார்க்க வேண்டிய குழாயின் மேலிருந்த பழைய போர்வையை முதலில் சுத்தியலால் தட்டி உதிர்க்க வேண்டும். காற்றோட்டமில்லாத இரும்பு அறையில் வெண்புகைபோல் தூசி எழும். முகத்தில் ஒரு கைக்குட்டை. பலருக்கு அதுவும் இல்லை. மாலையில் தலைமயிரிலும் புருவத்திலும் வெண்மை படிய, மாவு ஆலையிலிருந்து வருபவர்போல் வீடு திரும்புவார். ஓடிவரும் குழந்தையைத் தூக்கி அணைப்பார். சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுப்பார். அவர் அதைக் கொல்லையில் உதறிவிட்டு வாளியில் ஊற வைப்பார். எத்தனை வீடுகளில் எத்தனை மாலைகள் இப்படிக் கழிந்திருக்கும்! அன்று அந்தத் தூசியை அழுக்கு என்றுதான் வீட்டார் நினைத்தனர். அழுக்குக்குச் சவர்க்காரம் போதும் என்பது அவர்கள் அறிவு. அதற்கு மேல் அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை.

சொல்லப்பட வேண்டிய செய்தி அறிவாளரின் இதழ்களிலும் அரசாங்க அறிக்கைகளிலும் கிடந்தது. தமிழில் அது வரவில்லை; மலாயிலும் சீனத்திலும் பட்டறையின் சுவரில் எழுதப்படவில்லை. ஆங்கிலம் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கும் அவன் மூச்சுக்கும் இடையே மொழியும் ஒரு சுவராக நின்றது. அறிவு என்பது யாரோ ஒருவர் அறிந்திருந்தால் போதும் என்பதில்லை. யாருக்கு ஆபத்தோ அவர் அறிய வேண்டும். அவர் அறியாதவரை அந்த அறிவு பெட்டிக்குள் பூட்டிய மருந்துக்கு ஒப்பாகும்.

இந்தியப் பெருங்கடலின் கிழக்குக் கரையில், மேற்கு ஆஸ்திரேலியாவின் உட்புறத்தில் விட்டனூம் என்று ஓர் ஊர் இருந்தது. 1943 முதல் 1966 வரை அங்கே நீலக் கல்நார் வெட்டினர். வெட்டிய பின் எஞ்சிய கழிவைச் சாலைக்கும் வீட்டு முற்றத்துக்கும் பரப்பினர். குழந்தைகள் அதில் மணல்வீடு கட்டி விளையாடினர். சுரங்கம் மூடியது, சாவு மூடவில்லை. அவ்வூரில் உழைத்தவருள்ளும் வாழ்ந்தவருள்ளும் இரண்டாயிரம் பேருக்கு மேல் கல்நார் நோய்களால் மாண்டனர். 2007இல் அரசு அதன் ஊர் என்னும் தகுதியையே நீக்கியது. ஓர் ஊர் போரால் அழியலாம்; வெள்ளத்தால் அழியலாம். தன் மண்ணே நஞ்சாகி வரைபடத்திலிருந்து அழிந்த ஊர் அது. முன்பு பெருமையோடு பெயர் சூடிய கியூபெக் நகரமும், 2020இல் மக்கள் வாக்களித்து அந்தப் பெயரைக் கழற்றி எறிந்தது.

நாடுகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. சிங்கப்பூர் 1989இல் கட்டடப் பொருள்களில் கல்நாரைத் தடை செய்தது. மலேசியா 1986இல் கல்நார் வேலைக்கான விதிமுறைகளை வகுத்தது. பிரிட்டன் 1999இல் முற்றாகத் தடுத்தது. ஆஸ்திரேலியா 2003இன் இறுதியில் தடுத்தது. அமெரிக்கா வெள்ளைக் கல்நாரைத் தடுக்க 2024 ஆயிற்று. லூசி டீன் எச்சரித்த 1898க்கும் அவர் நாடு முழுத்தடை விதித்த 1999க்கும் இடையே 101 ஆண்டுகள். ஒரு நூற்றாண்டுக் காலம் உண்மை வாசலில் நின்றது. அந்தத் தாமதத்தின் விலையைத் தாமதித்தவர் கொடுக்கவில்லை. கொதிகலன் அறையில் நின்றவரும், கொல்லையில் துணி துவைத்தவரும் கொடுத்தனர். இன்றும் வேலையிடத்துக் கல்நாரால் உலகில் ஆண்டுக்கு இரண்டு இலட்சம் பேருக்கு மேல் மடிகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்தியா இன்றும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான டன் வெள்ளைக் கல்நாரை இறக்குமதி செய்து, பெரும்பாலும் கூரைத் தகடாகவே பயன்படுத்துகிறது.

தடை வந்த நாளில் ஆபத்து ஓய்ந்தது என்று எண்ணுவது தவறு. தடை புதிய கல்நாரை நிறுத்தும். பழைய கல்நாரை அகற்றாது. பழைய வரிசை வீடுகளிலும் கிடங்குகளிலும் கடைகளின் பின்கட்டிலும், மலேசியத் தோட்டக் குடியிருப்புகள் சிலவற்றிலும் அந்தச் சாம்பல் நிறத் தகடு இன்னும் இருக்கலாம். இடையூறு செய்யாமல் விட்டால், சிமெண்டில் கட்டுண்ட நார் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். அறுத்தாலும், துளையிட்டாலும், உடைத்தாலும், சுரண்டினாலும் விடுதலை பெற்றுக் காற்றில் ஏறும். உறங்குகின்ற புலியின் வாலை மிதிப்பது போன்றது அச்செயல். ஆகவேதான், சிங்கப்பூரில் 2014இல் வந்த விதிமுறைகளின்படி, 1991க்கு முன் எழுந்த கட்டடத்தை இடிக்குமுன்னும் புதுப்பிக்குமுன்னும் கல்நார் உண்டா என்று தகுதியுடையவரைக் கொண்டு ஆராய வேண்டும். உண்டெனில், அதற்கென்று அனுமதி பெற்றவரே அகற்ற வேண்டும்.

சட்டம் எழுத்தில் இருப்பது ஒன்று. கூரையின் மேல் இருப்பது மற்றொன்று. பழைய கூரையைப் பிரிக்கும் வேலைக்கு ஏறுபவர் பெரும்பாலும் யார்? பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த தமிழ்நாட்டு இளைஞரும் வங்காளதேச இளைஞரும் அவர்களுள் இருக்கின்றனர். ஊரில் கடன்; இங்கே நாட்கூலி. 'சீக்கிரம் முடியப்பா' என்று மேற்பார்வையாளர் சொன்னால், 'சரிங்கண்ணே' என்று சுத்தியலை எடுப்பதே அவர்களுக்குத் தெரிந்த வழி. இன்று 20 வயதில் அவர்கள் மூச்சில் ஏறுவது, அவர்கள் 50 வயதில் தஞ்சாவூரிலோ புதுக்கோட்டையிலோ ஒரு மருத்துவமனைக் கட்டிலில் வெளிப்படலாம். அந்த மருத்துவர்க்குச் சிங்கப்பூரின் கூரையைப் பற்றி எப்படித் தெரியும்? அன்று கப்பல் பட்டறையில் நிகழ்ந்தது இன்று கூரையின் மேல் நிகழாதிருக்க வேண்டுமானால், மொழி என்னும் சுவரை முதலில் இடிக்க வேண்டும். எச்சரிக்கை தமிழிலும் வங்காளியிலும் அவர்கள் காதில் விழ வேண்டும்.

சொல்ல வேண்டியவை பலவும் இல்லை. பழைய தகட்டை உலர்ந்த நிலையில் உடைக்கலாகாது. மூக்கில் கட்டும் துணி நாரைத் தடுக்காது. அதற்கென அமைந்த சுவாசக் கவசம் வேண்டும். வேலை உடையோடு வீட்டுக்கோ விடுதிக்கோ போகலாகாது. குளித்து உடைமாற்றிய பின்னரே போக வேண்டும். பார்வையால் மட்டும் கல்நாரை உறுதி செய்ய முடியாது; ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும். கல்நாரில் உழைத்தவர் புகைபிடிக்கும் பழக்கத்தை இன்றே விட வேண்டும். அமெரிக்க ஆய்வொன்று 1979இல் காட்டிய கணக்கை இவ்விடத்தில் நினைவுகொள்ளலாம். இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், கல்நாரோடு மட்டும் பழகியவர்க்கு நுரையீரற் புற்றுநோய் 5 மடங்கு. புகைபிடிப்பவர்க்கு 11 மடங்கு. இரண்டும் சேர்ந்தவர்க்கோ 50 மடங்குக்கு மேல். தீமைகள் இரண்டு கூடும்போது கூட்டல் நடப்பதில்லை; பெருக்கல் நடக்கிறது. ஆனால், மீசோதெலியோமாவுக்குப் புகையிலை தேவையில்லை. கல்நார் ஒன்றே போதும்.

முதியோர் இருக்கும் வீடுகளுக்கும் ஒரு கடமை உண்டு. 1985இல் 20 வயதில் பட்டறையிலோ கல்நார்த் தகடு செய்த ஆலையிலோ சேர்ந்தவர்க்கு 2025இல் வயது 60. நோய் தலைகாட்டும் பருவம் அதுவே. 'அப்பா, சின்ன வயதில் எங்கெங்கே வேலை பார்த்தீர்கள்? என்ன வேலை பார்த்தீர்கள்?' என்று பிள்ளைகள் உட்கார்ந்து கேட்டு எழுதி வைக்க வேண்டும். அம்மாவிடமும் கேட்க வேண்டும். துவைத்த துணியின் வரலாறு அவரிடம் இருக்கிறது. மூச்சிரைப்பும் விடாத இருமலும் வந்தால் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நோயை விரைந்து அறியவும், சட்டம் தரும் இழப்பீட்டைக் கேட்டுப் பெறவும் அது துணை செய்யும். சாதாரண மக்களின் உழைப்பை எந்த வரலாற்று நூலும் எழுதி வைப்பதில்லை. வீட்டார் எழுதும் அந்த ஒரு தாள் ஓர் உயிரின் வரலாறாகவும் வழக்கின் சான்றாகவும் நிற்கும்.

துன்பம் வருமுன் காத்துக்கொள்ளாதவனின் வாழ்வை, நெருப்பின் முன் கிடக்கும் வைக்கோற்போருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். கல்நார் எரியாதது, அதனோடு வாழ்ந்த மனிதரே வைக்கோலாய் எரிந்தனர். கல்லின் மேல் பழி இல்லை. அது மலையின் வயிற்றில் உறங்கிக் கிடந்தது. எழுப்பியவரும், எழுப்பியபின் அதன் குணத்தை அறிந்தவரும், அறிந்தபின் வாய்திறவாது இருந்தவருமே பொறுப்பாளர். இனி வாய் திறக்க வேண்டியவர் பலர்: வீட்டை விற்பவர், வாங்குபவர், குத்தகை எடுப்பவர், மேற்பார்வை செய்பவர். கூரையில் ஏறும் இளைஞனுக்கும் ஒரு கேள்வி கேட்கும் உரிமை உண்டு: 'அண்ணே, இந்தத் தகட்டில் என்ன இருக்கிறது?' அப்படிக் கேட்பவனைச் சோம்பேறி என்றோ கோழை என்றோ ஒருவரும் ஏசலாகாது. தன் உயிரையும் தன் வீட்டார் உயிரையும் சேர்த்தே அவன் கேட்கிறான். விடை கிடைக்கும்வரை சுத்தியல் கீழேயே இருக்கட்டும்.